டிஸ்க்கா ட்ரம்மா என்று கேட்பதற்கு முன்: செட்டிநாட்டு லாரி, டிரெய்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் லாரியும் டிரெய்லரும் வைத்து ஓட்டும் முதலாளிமார்களுக்கும், லாரி உரிமையாளர் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும், அரிசியும் உப்பும் ஜல்லியும் ஏற்றி அனுப்புகிற ஆலைக்காரர்களுக்கும் குவாரிக்காரர்களுக்கும் வணக்கம்.

புது வண்டி எடுக்கப்போகிற பலரும் இப்போது பட்டறைக்கு வந்து ஒரே விஷயத்தைத்தான் விசாரிக்கிறீர்கள். டிஸ்க் பிரேக் உள்ளதாக வாங்கலாமா, பழையபடி ட்ரம்மே போதுமா? சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது டிஸ்க். சுழலும் உருளைக்குள் ஷூக்கள் விரிந்து உரசிப் பிடிப்பது ட்ரம். ஆளாளுக்கு ஒன்று சொல்வதைவிட, இந்த வேலையே செய்கிற நாங்கள் சேர்ந்து ஒரு பதிலை எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

சுற்றுவட்டாரத்துக்குள் சமதரையில் ஓடுகிற வண்டிக்கு, ஒழுங்காகச் செட் செய்த ட்ரம் பிரேக் போதும். குமுளி, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கோ, தொப்பூர் கணவாய் வழியாகப் பெங்களூருக்கோ பாரத்தோடு போய்வருகிற டிரெய்லர் என்றால், ஆர்டர் கொடுக்கும்போதே ஹெட்டுக்கும் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) டிரெய்லருக்கும் சேர்த்து டிஸ்க் கேளுங்கள். ஹெட்டில் டிஸ்க், டிரெய்லரில் ட்ரம் என்று பாதி பாதியாக வாங்குவதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். எதை வாங்கினாலும் அளந்து பார்க்காமல் ஓட்டினால் கொடுத்த காசு வீண். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் சூட்டைப் பற்றி. வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. 55 டன் எடையுள்ள டிரெய்லர் 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 76 லட்சம் ஜூல் சூடு பிறக்கிறது. ஒரு குடத்தில் 26 லிட்டர் தண்ணீர் வைத்தால் அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்தச் சூடு போதும். திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாக ராமநாதபுரம் போகிற சாலையில், ஒரு முறை பிரேக் பிடித்து அடுத்த முறை பிடிப்பதற்குள் இந்தச் சூடு காற்றில் போய்விடும். மலை இறக்கம் அப்படியில்லை. அதே வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினாலே சுமார் 540 லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை, நடுவில் ஆறவிடாமல், முழுசாக நிறுத்தியதற்கு இது சமம். இதில் ஒரு பங்கை இன்ஜினும் டயர் உராய்வும் எதிர்க்காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் லைனிங் (ஷூவின்மேல் பதித்த உராய்வுப் பட்டை) தலையில்தான் விழும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் தாங்கவேண்டிய பங்கும் லைனிங்குக்கே வந்துவிடுகிறது.

ட்ரம் சூடானால் விரியும். 410 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு ட்ரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய 1.3 மி.மீ. கூடிவிடுகிறது. அதாவது, லைனிங்கை விட்டு ட்ரம் விலகிப் போகிறது. அந்த இடைவெளியை அடைக்க ஷூ இன்னும் வெளியே வரவேண்டும். ஷூவை விரிக்கிற எஸ் கேம், அதைத் திருப்புகிற கையான ஸ்லாக் அட்ஜஸ்டர் வழியாக இந்தச் சின்ன நகர்வு பெருகி, காற்றழுத்தத்தால் தள்ளுகிற பூஸ்டரின் புஷ் ராடு பத்து மி.மீ. அளவுக்குக் கூடுதலாக வெளியே வரவேண்டியதாகிறது. சாதாரண 30 நம்பர் பூஸ்டரின் மொத்த ஓட்டமே 64 மி.மீ.தான். குளிர்ந்த நிலையில் 51 மி.மீ. ஓடுகிற பிரேக், சூடானதும் 61-க்குப் போய்விடும். ஓட்டத்தின் கடைசியில் பூஸ்டரின் தள்ளும் விசையும் குறைந்துவிடும். டிரைவர் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ராடு பூஸ்டர் சேம்பரின் சுவரில் போய் முட்டி நிற்கும். அதற்குமேல் பிரேக் கிடையாது. இதோடு 300 டிகிரியைத் தாண்டினால் லைனிங்கின் பிடிப்பும் குறையத் தொடங்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று நடக்கிற விபத்துகளில் காற்றுக் குழாய் அறுந்ததைவிட இந்த விலகலைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

டிஸ்க்கில் கதை தலைகீழ். ரோட்டர் (சுழலும் தட்டு) சூடாகிப் பருத்தால் பேடை நோக்கித்தான் பருக்கும். ராடின் ஓட்டம் அதிகமாகாது. இரு பக்கமும் காற்றுப் படுவதால் சீக்கிரம் ஆறும். கோடை மழையில் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தால் ட்ரம்முக்குள் புகுந்த ஈரம் சில முறை பிரேக் பிடித்த பிறகுதான் போகும். டிஸ்க் கிட்டத்தட்ட உடனே காய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ட்ரம்மில் முன்ஷூ தன்னைத் தானே ட்ரம்மின் சுழற்சிக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் லைனிங்கின் பிடிப்பு கொஞ்சம் மாறினாலும் நிறுத்தும் விசை அதைவிட அதிகமாக மாறும். இடது சக்கரமும் வலது சக்கரமும் வித்தியாசப்பட்டு வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இது முக்கியக் காரணம். டிஸ்க்கில் அந்தத் தன்னிழுப்பு இல்லை. அதற்குப் பதிலாக, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் இருக்கிற நெம்புகோல் பூஸ்டரின் விசையைச் சுமார் 15 மடங்காக்கிப் பேடை அழுத்துகிறது. மிதித்த அளவுக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ட்ரம் பழங்காலத்துச் சரக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஐரோப்பாவில் 1990-களிலேயே கனரக வண்டிகள் டிஸ்க்குக்கு மாறத் தொடங்கின. அமெரிக்கா வெகுகாலம் ட்ரம்மிலேயே நின்றது. 2009-இல் அங்கே விதி இறுகியது. மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கி.மீ. வேகத்திலிருந்து பெரும்பாலான டிராக்டர்கள் (நாம் ஹெட் என்பது) நிற்கவேண்டிய தூரம் 355 அடியிலிருந்து 250 அடியாகக் குறைக்கப்பட்டது. பலர் முன் ஆக்சிலில் அகலமான ட்ரம் போட்டே அந்த அளவை எட்டினார்கள். செட்டிங், அதாவது லைனிங்குக்கும் ட்ரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி, சரியாக உள்ள ட்ரம் குளிர்ந்த நிலையில் நன்றாகவே நிற்கும். ஆனால் நம் வட்டாரத்தில் செட்டிங் பார்க்கிற வழக்கம் அரிதாகிவிட்டது. எங்கள் முழு வருத்தமும் அங்கேதான்.

செட்டிங் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்டீல் ஸ்கேல், மிதியை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள். வண்டி சமதரையில் இருக்கட்டும். ட்ரம் ஆறியிருக்கவேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி அளந்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே ராடைத் தள்ளியிருக்கும், அளவு பொய்யாகிவிடும். காற்றழுத்தம் 6 முதல் 7 கிலோ வரை இருக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு, ராடு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். உதவியாள் மிதியை முழுசாக அழுத்திப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளங்கள். சாதாரண 30 நம்பர் பூஸ்டருக்கு 51 மி.மீ., சாதாரண 24 நம்பருக்கு 45 மி.மீ. உச்ச வரம்பு. ஓட்டம் நீளமான லாங் ஸ்ட்ரோக் 24 என்றால் 51. நம்பர் சேம்பர் மீதோ கிளாம்ப் மீதோ பொறித்திருக்கும். அது அழிந்துபோயிருந்தால் ஊகிக்காமல் பட்டறையில் காட்டுங்கள்.

பிறகு மிதியை விட்டுவிட்டு, ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கம்பியால் நெம்பி, லைனிங் ட்ரம்மைத் தொடும்வரை ராடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 10 முதல் 16 மி.மீ. வரை இருக்கலாம். இந்த இரண்டாவது அளவைப் பலர் எடுப்பதே இல்லை. நெம்பும்போது சரியான அளவு, மிதிக்கும்போது வரம்பு மீறிய அளவு என்று வந்தால் குறை ஸ்லாக்கில் இல்லை. எஸ் கேமைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்திருக்கும், பூஸ்டர் பிராக்கெட் விரிசல் விட்டு வளையும், அல்லது ட்ரம் மெலிந்துபோய் அழுத்தத்தில் விரியும். ஸ்லாக்கை மட்டும் முறுக்கிவிட்டு அனுப்பினால் குறை அப்படியே இருக்கும், அளவு மட்டும் சில நாளைக்குச் சரியாகத் தெரியும்.

கையால் முறுக்குகிற ஸ்லாக் என்றால், லாக் ஸ்லீவை உள்ளே தள்ளி, லைனிங் ட்ரம்மைத் தொடும்வரை முறுக்கி, பிறகு கால் முதல் அரைச் சுற்று தளர்த்துங்கள். முறுக்கும்போது எஸ் கேம் பிரேக் பிடிக்கிற திசையில் திரும்புகிறதா என்று கண்ணால் பார்ப்பது அவசியம். எதிர்ப்பக்கம் முறுக்கி, டைட்டாகிவிட்டது என்று நினைத்து அனுப்பிய வண்டிகள் உண்டு. தானாகவே செட்டிங் சரிசெய்துகொள்கிற ஆட்டோ ஸ்லாக்கை இப்படி அடிக்கடி கையால் முறுக்கவே கூடாது. அது வரம்பை மீறியிருந்தால் ஒன்று ஸ்லாக் போய்விட்டது, இல்லையென்றால் மேலே சொன்ன புஷ், பிராக்கெட், ட்ரம் குறைகளில் ஒன்று. கையால் முறுக்க முறுக்க அதன் உள்கிளட்ச் தேய்ந்து, கடைசியில் பெயருக்குத்தான் ஆட்டோ.

ஸ்லாக்கின் கை நீளத்தையும் பாருங்கள். 140 மி.மீ. நீளம் போட்டிருந்த சக்கரத்தில் கிடைத்ததைக் கொண்டு 152 மி.மீ. போட்டால் அந்தச் சக்கரம் சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். பூஸ்டர் நம்பர் மாறினாலும் இதே கோளாறுதான். ஒரே ஆக்சிலில் இருபக்கமும் ஒரே நம்பர் பூஸ்டர், ஒரே நீள ஸ்லாக், ஒரே கிரேடு லைனிங். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹப் ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருந்தால் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக் காயவைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மேற்பரப்பைத்தான் காயவைக்கும், உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி, இருபக்க லைனிங்கையும் மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. பட்டறைப் பையன்களின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

ட்ரம்மை லேத்தில் கடைந்து கடைந்து பயன்படுத்துவதும் மிச்சம் பிடிப்பது அல்ல. மெலிந்த ட்ரம் சீக்கிரம் சூடேறும், அதிகமாக விரியும். ட்ரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டியது பழைய இரும்புக் கடைக்குத்தான். மயிரிழை போன்ற மேல்கோடுகள் இருக்கலாம். விளிம்புவரை ஓடிய விரிசல் இருக்கக்கூடாது.

இப்போது ஹெட்டில் டிஸ்க்கும் டிரெய்லரில் ட்ரம்மும் கலந்த வண்டி. டிஸ்க் பேட் சீக்கிரம் தேய்கிறது, டிஸ்க் நமக்கு ஒத்துவராது என்று சொல்கிற பலரின் வண்டி இந்த வகைதான். லேசாக மிதிக்கும்போது ட்ரம் பக்கம் ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் இழுப்பையும் கேம் புஷ்ஷின் உராய்வையும் வென்ற பிறகுதான் லைனிங் தொடும். டிஸ்க் அதற்குள் பிடிக்க ஆரம்பித்திருக்கும். சாலையில் நாம் மிதிப்பதில் பெரும்பகுதி லேசான மிதிதான். இறக்கத்தில் டிரெய்லர் ட்ரம் சூடாகிக் கைவிட்டால் முழுப் பாரத்தையும் ஹெட்டின் டிஸ்க்கே தாங்கும். தேய்ந்தது பேட், ஆனால் வேலை செய்யாதது டிரெய்லர். ஏற்கெனவே இப்படிக் கலப்பு வண்டி வைத்திருப்பவர்கள் பேட் விலையைப் பற்றிப் புலம்புவதற்கு முன் டிரெய்லரின் ராடு ஓட்டத்தை அளந்து பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் டிரெய்லர் கேபிளை மாட்டாமல் கொக்கியில் தொங்கவிட்டு ஓட்டுவதும் இங்கே சகஜமாகிவிட்டது. காலி டிரெய்லர் மழையில் சறுக்கி ஹெட்டின்மேல் மடங்குவதற்கு அது வழிவிடும்.

டிஸ்க் வாங்குவோர் நம் மண்ணையும் உப்புக்காற்றையும் கணக்கில் வைக்கவேண்டும். டிஸ்க்கின் பலவீனம் ரோட்டரும் இல்லை, பேடும் இல்லை, காலிப்பர் நகர்கிற கைடு பின்தான். அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்தால் குவாரிச் சாலையின் செம்மண் தூசியும் உப்பு லோடிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உள்ளே புகும். பின் இறுகிவிடும். காலிப்பர் நகராமல் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். மண்டபத்தில் கடற்காற்றின் அரிப்பை ஆராய நம் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தனி நிலையமே வைத்திருக்கிறது என்றால் அந்தக் காற்று எவ்வளவு அரிக்கும் என்று புரிந்துகொள்ளலாம். தொண்டி, தேவிபட்டினம், தூத்துக்குடி பக்கம் உப்பு ஏற்றுகிற வண்டியை வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில், பிரஷர் பம்பின் முனையை ரப்பர் உறைக்கு நேராகக் காட்டாமல், கழுவுங்கள்.

மாதம் ஒரு முறை கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காலிப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் அசையவேண்டும். துளியும் அசையாவிட்டால் பின் இறுகியிருக்கிறது. உள் பேடும் வெளிப் பேடும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டாலும் அதே சந்தேகம்தான். 22.5 அங்குல ரிம்முக்கான வழக்கமான அளவுகளில் புது ரோட்டரின் தடிமன் 45 மி.மீ., தேய்ந்து 37-க்கு வந்தால் மாற்றிவிடவேண்டும். பேட் பின்தகட்டோடு சேர்த்து 30 மி.மீ. இருக்கும், தகட்டுக்கு மேல் 2 மி.மீ. மிச்சமானால் மாற்றிவிடவேண்டும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பேட் மாற்றினால் ஆக்சிலின் இரு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். அட்ஜஸ்டரை ஏர் கன் வைத்துத் திருப்பினால் உள்கியர் உடையும், கையால் மட்டும் திருப்புங்கள். கைடு பின்னுக்குச் சாதாரண சேஸிஸ் கிரீஸ் வைக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். காலிப்பர் கம்பெனி தரும் கிரீஸ் வேண்டும். ட்ரம் பூஸ்டரை டிஸ்க்கில் மாட்டவும் முடியாது, மாட்ட முயலவும் கூடாது. டிஸ்க் பூஸ்டரின் ராடுப் பக்கத்தில் காலிப்பருக்குள் தண்ணீர் புகாமல் தனி சீல் இருக்கிறது.

ட்ரம் வண்டியில் உப்பின் சேட்டை வேறு மாதிரி. ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு வளர்ந்து லைனிங்கைத் தூக்கும், ரிவெட்டுக்கு நடுவில் லைனிங் பிளக்கும். துருப்பிடித்த ஷூ மேலேயே புது லைனிங்கை ரிவெட் அடிப்பது வீண்செலவு. ஷூவைச் சுத்தமாகச் சுரண்டி பெயின்ட் அடித்த பிறகுதான் லைனிங் போடவேண்டும்.

பழைய லாரிக்கு டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 அங்குல டியூப் டயர் ரிம்முக்குள் 22.5 அங்குல டியூப்லெஸ் ரிம்முக்கான காலிப்பருக்கு இடமே இருக்காது. ஆக்சில் முனை, ஹப், பூஸ்டர், வால்வு அழுத்தம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரவேண்டிய சங்கதி. கம்பெனி அங்கீகாரம் இல்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கும். அந்தப் பணத்துக்கு நல்ல ஆட்டோ ஸ்லாக், புது ட்ரம், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் என்று வாங்கிப் போடுங்கள்.

பாரத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை ஆக்சிலின் எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை ஆக்சிலை 19-லிருந்து 21 டன்னாகவும் உயர்த்தியது. பழைய வண்டியின் பிரேக், அதன் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடைக்குக் கணக்கிட்டது. புது எண்ணைக் காட்டி பழைய வண்டியில் ஏற்றினால் ட்ரம் அதே ட்ரம், லைனிங் அதே லைனிங். ஆலைக்காரர்களும் குவாரிக்காரர்களும் இதைக் கவனத்தில் வைத்து லோடு சொல்லவேண்டும்.

மலையிறங்கி வந்து சூட்டோடு நிறுத்தும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. டிஸ்க் ஆறும்போது மெலியும், ஹேண்ட் பிரேக்கின் பிடி தளரும். சரிவில் நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து நகர்ந்துவிடலாம். ட்ரம்மில் நேர்மாறாக, ஆறிச் சுருங்கும் ட்ரம் ஷூவை இறுக்கும், விரிசலும் விடலாம். இரண்டிலும் சக்கரத்துக்குக் கட்டை போடுவதுதான் காவல். ஸ்பிரிங் பூஸ்டரைக் கழற்றும் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்: கேஜ் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் கிளாம்பைத் தொடக்கூடாது. உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஆளைக் கொல்லும்.

சங்கத்தாரிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. கொண்டுவிக்க (கடல் கடந்து வியாபாரம் செய்ய) போன ஊரிலிருந்தும் ஐந்தொகை (வரவுசெலவு இருப்புக் கணக்கு) எழுதி அனுப்பிய மண் இது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிரேக் பேரேடு (கணக்குப் புத்தகம்) போடச் சொல்லுங்கள்: தேதி, ஒவ்வொரு சக்கரத்தின் ராடு ஓட்டம், பூஸ்டர் நம்பர், லைனிங் மாற்றிய நாள், கிரேடு. இரண்டு மாத அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எந்தச் சக்கரம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். சங்கத்துக்குப் பொதுவாக இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை பெரிதல்ல. நாலைந்து முறை பிரேக் பிடித்து ஓட்டிவந்ததும் ஒவ்வொரு ட்ரம்மையும் அதில் பாருங்கள். எல்லாம் 120 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் 50 காட்டினால் அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை. ஒன்று மட்டும் 200 காட்டினால் அது விடாமல் உரசிக்கொண்டு வருகிறது. டிரெய்லர் கட்டுகிறவர்களிடம் ஆர்டர் எழுதும்போதே எல்லா ஆக்சிலிலும் ஒரே நம்பர் பூஸ்டர், ஒரே நீள ஸ்லாக், காற்றழுத்தம் பார்க்க டெஸ்ட் முனை, ஏபிஎஸ் சாக்கெட் என்று எழுதி வாங்குங்கள்.

டிரைவர்களை ஒன்றும் குறை சொல்லவில்லை. காலையில் ஏர் டேங்க் தண்ணீரை வடிக்கவும், இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடவும் அவர்களுக்கு நேரம் கொடுங்கள். இறக்கத்தில் மிதியை விடாமல் லேசாக அழுத்தியபடியே வராமல், ஓர் அழுத்தில் வேகத்தைக் குறைத்து மிதியை விட்டு, வேகம் மறுபடி ஏறும்போது இன்னோர் அழுத்து என்று ஓட்டச் சொல்லுங்கள். வடித்த தண்ணீரோடு எண்ணெய் வந்தால் கம்ப்ரசரும் டிரையரும் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அளந்து காட்டச் சொல்லி வண்டி அனுப்புகிறவர்கள் காலையில், ட்ரம் ஆறிய நிலையில் அனுப்புங்கள். பேரேட்டில் முதல் பக்கத்தை எழுதித் தருகிறோம், அளக்கிற முறையை டிரைவருக்கும் கற்றுத் தருகிறோம். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார ஏர் பிரேக் மெக்கானிக்குகள்